மூன்றரை மிடறு

"குழந்தைகளை அழைத்துக்கொண்டா போகப் போகிறீர்கள்?" என்று கேட்டார், கியோட்டோவில் நாங்கள் தங்கியிருந்த விடுதியின் மானேஜர். கேட்டது மரியாதையாகத்தான். ஆனால் அவருடைய பார்வை என் சின்னவன்மேல் இருந்தது. அவன் அப்போது விடுதியின் வழவழப்பான தரையில் காலுறையோடு சறுக்கி விளையாடிக்கொண்டிருந்தான்.

ஆறு வயசுப் பிள்ளை. மூத்தவளுக்குப் பன்னிரண்டு. கோடை லீவில் எங்களுக்கு ஜப்பான் பிரயாணம் வாய்த்தது. என் வீட்டுக்காரருக்கு ஒஸாகாவில் ஆபீஸ் காரியம். நாங்கள் மூவரும் கூட ஒட்டிக்கொண்டு போனவர்கள். ஜப்பானுக்குப் போய்விட்டு அந்தப் பிரசித்தி பெற்ற தேநீர்ச் சடங்கைப் பார்க்காமல் வந்தால், ஊரில் நாலு பேர் கேட்கமாட்டார்களா? அதனால் போவது என்று தீர்மானம் செய்துவிட்டேன். பல இடங்களில் ஆறு ஏழு வயசுக்குக் குறைந்த குழந்தைகளைச் சேர்ப்பதில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. முன்கூட்டியே கேட்டு எழுதிக்கொள்வது நல்லது. எங்களுக்கு ஊஜி என்ற ஊரில் ஒரு வீட்டில் இடம் கிடைத்தது. ஒரு மூதாட்டியும் அவருடைய பேத்தியும் நடத்துகிறார்கள். "குழந்தைகள் வந்தால் சந்தோஷம்" என்று பதில் போட்டிருந்தார்கள். அதை உபசாரத்துக்கு எழுதியது என்றுதான் நான் நினைத்தேன்.

ஊஜி, கியோட்டோவுக்குத் தெற்கே, ரயிலில் அரை மணிக்குள் போய்விடக் கூடிய ஊர். நம் நீலகிரி மாதிரி தேயிலைக்குப் பெயர் போனது. ஆனால் மலையும் பனியுமாக இல்லை. ஓர் ஆறு, ஒரு பாலம், ஆற்றங்கரையில் ஒரு கோயில், கோயிலுக்குப் போகிற வீதியில் இரண்டு பக்கமும் தேயிலைக் கடைகள். வறுபடும் தேயிலையின் வாசனை வீதி முழுதும் நிற்கிறது. கோயிலின் பெயர் பியோதோயின். அதில் 1053-ம் வருஷத்தில் கட்டிய ஒரு மண்டபம், குளத்தில் தன் நிழலைத் தானே பார்த்துக்கொண்டு நிற்கிறது. அவர்களுடைய 10 யென் நாணயத்தில் அந்த மண்டபத்தைத்தான் பொறித்திருக்கிறார்கள். சின்னவன் நாணயத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்து, மண்டபத்தோடு ஒப்பிட்டுத் தூண்களை எண்ணி முடிக்கிற வரையில் எங்களை அங்கிருந்து நகரவிடவில்லை.

நாங்கள் போனது மே மாதம். அவர்களுக்கு அதுதான் தேயிலை பறிக்கிற காலம். சடங்குக்குரிய தேயிலையைப் பறிப்பதற்கு மூன்று வாரத்துக்கு முன்பிருந்தே தோட்டத்தின்மேல் பந்தல் போட்டு வெயிலை மறைத்துவிடுகிறார்கள். வெயில் படாத இலையில் பச்சை கூடுகிறது, கசப்பு குறைகிறது. பறித்த இலையை ஆவியில் காட்டி உலர்த்தி, காம்பும் நரம்பும் நீக்கி, கல் இயந்திரத்தில் மெதுவாக அரைக்கிறார்கள். எவ்வளவு மெதுவாக என்றால், ஒரு மணி நேரம் அரைத்தால் 40 கிராம் பொடிதான் தேறும். ஒரு கிண்ணத்துக்கு 2 கிராம் வேண்டும். ஆக, ஒருவர் குடிக்க மூன்று நிமிஷ அரைப்பு. இதுதான் 'மாச்சா'. நம் ஊர்ப் பெரிய ஹோட்டல்களில் இப்போது ஐஸ்கிரீமிலும் கேக்கிலும் போட்டுத் தருகிறார்களே, அந்தப் பச்சைப் பொடி. உலகமெல்லாம் கேட்கப் போய், 2024-ம் வருஷக் கடைசியில் ஜப்பானியக் கடைகள் சிலவற்றில் ஆளுக்கு இத்தனை டப்பாவுக்கு மேல் கிடையாது என்று சொல்லும்படி ஆயிற்று.

சரி, வீட்டுக்கு வருவோம்.

வாசலிலேயே பேத்தி காத்திருந்தாள். கல்லூரிப் பெண். இங்கிலீஷ் பேசினாள். கடிகாரம், மோதிரம் எல்லாவற்றையும் கழற்றி ஒரு பெட்டியில் வைக்கச் சொன்னாள். கிண்ணங்கள் பழையவை, கீறல் விழக்கூடாதாம். நான் மோதிரத்தைக் கழற்றினேன். வளையல்? இரண்டு கையும் மூளியாக ஒரு வீட்டுக்குள் நுழைவதா? எனக்கு என்னவோ மனசு வரவில்லை. அதை எப்படி இங்கிலீஷில் சொல்வது என்று நான் விழித்துக்கொண்டிருக்கையில், உள்ளேயிருந்து வந்த பாட்டியம்மாள் என் முகத்தைப் பார்த்தார், கையைப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு பட்டுத் துணியை எடுத்து, வளையல்களை முழங்கைப் பக்கம் ஏற்றி, அவை அசையாதபடி கட்டிவிட்டார். இவரிடம் பயப்பட வேண்டியதில்லை என்று எனக்கு அப்போதே தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

பயம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், காலையிலிருந்தே நான் குழந்தைகளை மிரட்டிக்கொண்டு வந்திருந்தேன். "பேசக் கூடாது. ஓடக் கூடாது. கேட்டால் ஒழியத் தொடக் கூடாது. மானத்தை வாங்காதீர்கள்." ரயிலில் ஒரு தரம், பாலத்தில் ஒரு தரம், வாசலில் ஒரு தரம். மூத்தவள் மூன்றாவது தரம் கேட்டபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த வயசில் முகம் திரும்பினால் சுலபத்தில் திரும்பி வராது. உங்களுக்குத் தெரியாததா?

சின்னத் தோட்டம், ஈரக் கற்கள் பாவிய பாதை. தாழ்வான கல் தொட்டியில் மூங்கில் அகப்பையால் தண்ணீர் மொண்டு கையும் வாயும் அலம்பிக்கொண்டோம். பிறகு கதவு. கதவு என்றா சொல்வது? இரண்டடிச் சதுரத்துக்குச் சற்றுக் கூட இருக்கும் ஒரு பொந்து! முழங்காலிட்டு, தலையைக் குனிந்து, தவழ்ந்துதான் உள்ளே போக வேண்டும். இந்த மாதிரி வாசலை வழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் என்று ஸென் நோ ரிக்யூ என்ற தேநீர் ஆசாரியரைச் சொல்கிறார்கள். 1522-ல் பிறந்தவர். வீராதி வீரனாக இருந்தாலும் வாளை வெளியே மாட்டிவிட்டுக் குனிந்துதான் வரவேண்டும் என்பது ஏற்பாடு. நாட்டையே ஆண்ட ஹிதேயோஷியும் அவரிடம் தேநீர் பயின்றவன்தான். அந்த ஹிதேயோஷிக்குத் தங்கத்தால் ஒரு தேநீர் அறை இருந்தது. ரிக்யூவுக்கோ இரண்டு பாய் விரிக்கிற அறை போதும். கடைசியில், 1591-ல், ஹிதேயோஷியின் கட்டளைப்படி ரிக்யூ தம் வயிற்றைத் தாமே கிழித்துக்கொண்டு உயிரை விட்டார். என்ன கோபம், எதனால் என்று இன்றைக்கும் சரித்திரக்காரர்கள் தர்க்கம் செய்கிறார்கள்.

அந்தப் பொந்தில் புடைவையோடு தவழ்ந்து போவது எப்படி என்று ரிக்யூ யோசித்திருக்க நியாயமில்லை. கொசுவம் முழங்காலடியில் மாட்டிக்கொண்டு நான் பாதி உள்ளே பாதி வெளியே நின்றபோது, சின்னவன் எனக்கு முன்னால் அணில் மாதிரி நுழைந்து, உள்ளேயிருந்து கை கொடுத்தான். இந்த வாசலுக்கு ஏற்றவர்கள் குழந்தைகள்தான்.

உள்ளே நாலரைப் பாய் அறை. பாய்கள் நம் கோரைப் பாய் போன்ற மேல்பரப்பும், மெத்தை போன்ற கனமும் உள்ளவை. பாயின் துணிக் கரையை மிதிக்கக் கூடாது, நிலைப்படியை மிதிக்கக் கூடாது என்றாள் பேத்தி. "நம்ம பாட்டி சொல்றது!" என்றான் சின்னவன். சுவரில் ஒரு மாடம். அதில் எழுத்து ஓவியம் ஒன்று தொங்கியது. அதன் கீழே மூங்கில் குழாயில் ஒரே ஒரு பூ. ஒன்றே ஒன்று. நமக்கு மாலையாகக் கட்டிப் போட்டால்தான் பூ. அந்த ஒற்றைப் பூவையோ எல்லாரும் குனிந்து கும்பிட்டுப் பார்த்துவிட்டு உட்கார வேண்டும்.

உட்காருவது வஜ்ராசனம். குதிகால்மேல் உட்கார்ந்தோம். சின்னவன் காலை மடக்கியபோதுதான் பார்த்தேன்: அவனுடைய வெள்ளைக் காலுறையில் பெருவிரல் எட்டிப் பார்த்தது! காலையில் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தவள் நான்தானே. பாட்டியம்மாளும் பார்த்தார். பார்த்துவிட்டு, "குழந்தைகள் சம்மணம் போட்டு உட்காரலாம்" என்று பேத்தியிடம் சொல்லச் சொன்னார். சம்மணம் போட்டதும் விரல் மறைந்துவிட்டது.

பிறகு மௌனம். இரும்புக் கெண்டியில் தண்ணீர் கொதிக்கிற சப்தம் மட்டும். பைன் மரங்களுக்கிடையே காற்றுப் போகிற ஓசை என்று அதைச் சொல்வார்களாம். சின்னவன் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டான். "அம்மா, ரெயில் வருது" என்றான். நான் அவன் தொடையில் கிள்ளினேன். பாட்டியம்மாள் என்னவென்று கேட்க, பேத்தி என்னிடம் கேட்டுச் சொல்ல, அந்த அம்மாள் தலையைச் சாய்த்துக் கெண்டியைச் சற்று நேரம் கேட்டார். "ஆமாம், ரெயில்தான்" என்றார்.

முதலில் இனிப்பு வந்தது. ஊதா நிறத்தில் ஐரிஸ் பூ மாதிரி பிடித்த ஒரு சின்ன உருண்டை. மே மாதத்துக்கு அந்தப் பூ. மாசத்துக்கு மாசம் இனிப்பின் உருவம் மாறுமாம். வெள்ளை அவரைப் பருப்பை வேகவைத்து மசித்துச் சர்க்கரை சேர்த்துக் கிளறியது. உள்ளே சிவப்புப் பயற்றுப் பூரணம். பாலும் இல்லை, நெய்யும் இல்லை. நம் சோமாசிப் பூரணத்தை நெய்யில்லாமல் பட்டுப் போலச் செய்தால் எப்படி இருக்கும், அப்படி. தேநீர் வருவதற்குமுன் அதைத் தின்று முடித்துவிட வேண்டும் என்பது விதி.

"மருந்து குடிச்சப்புறம்தானே சர்க்கரை தருவே?" என்றான் சின்னவன் என்னிடம். நியாயமான கேள்வி. "இனிப்பு முன்னாலேயே போய் வாயில் காத்துக்கொண்டிருக்கும். கசப்பு வரும்போது அது தனியாக இருக்காது" என்று பதில் வந்தது.

பாட்டியம்மாள் வேலையைத் தொடங்கினார். இடுப்பிலிருந்த பட்டுத் துணியை எடுத்து மடிக்கிறார். அதால் பொடி டப்பாவைத் துடைக்கிறார். மூங்கில் கரண்டியைத் துடைக்கிறார். எல்லாம் ஏற்கெனவே சுத்தமாக இருப்பவை. இருந்தாலும் நம் கண்ணெதிரே துடைத்துக் காட்டுகிறார். கிண்ணத்தில் வெந்நீர் விட்டு அலசுகிறார். மத்தை நனைக்கிறார். ஒரே மூங்கில் துண்டின் நுனியை எண்பது நூறு இழையாகக் கீறிச் செய்த மத்து அது. நாரா பக்கத்தில் தகயாமா என்ற ஊரில் பரம்பரையாகச் செய்கிறார்களாம். எதிலும் அவசரமில்லை. அதே சமயம் ஒரு அசைவுகூட வீண் இல்லை. அடுப்படியில் பத்துப் பாத்திரத்தை ஒரே நேரத்தில் உருட்டுகிற எனக்கு, ஒரு கரண்டியை எடுத்து வைப்பதில் இவ்வளவு இருக்கிறதா என்று இருந்தது. நாங்கள் கண்டது சுருக்கம். முழு வைபவம், சாப்பாடு, கரி அடுக்குவது, கெட்டித் தேநீர், இளந்தேநீர் எல்லாம் சேர்த்து நாலு மணி நேரம் பிடிக்குமாம்.

பொடிமேல் வெந்நீர் விட்டு மத்தால் அடித்தார். பச்சை நுரை எழும்பியது. முதல் கிண்ணம் எனக்கு. கிண்ணத்தை இடது உள்ளங்கையில் வைத்து, வலது கையால் இரண்டு தரம் சுற்ற வேண்டும். கிண்ணத்தின் முகப்பு நமக்கு மரியாதையாக நேரே வைத்துத் தரப்படுகிறது. அந்த முகப்பில் நாம் வாயை வைக்கலாகாது என்று திருப்புகிறோம். பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து, "ஒஸாகி நி" என்று சொல்லி வணங்க வேண்டும். உங்களுக்கு முன்னால் நான் குடிக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். மூன்றரை மிடறில் குடித்து முடிக்க வேண்டும். அந்த அரை மிடறு, கடைசி நுரையைச் சத்தமாக உறிஞ்சுவது. குடித்தாயிற்று என்று வீட்டுக்காரருக்கு அதுதான் அடையாளம். "உறிஞ்சாதே" என்று குழந்தைகளைத் திட்டியே பழகியவள், அவர்கள் முன்னால் உறிஞ்சினேன்.

அடுத்தது மூத்தவள். இத்தனை நேரமும் அவள்தான் சமர்த்து. ஒரு வார்த்தை பேசவில்லை. கிண்ணத்தை அழகாக வாங்கினாள். இரண்டு தரம் சுற்றினாள். "ஒஸாகி நி" என்று தம்பியிடம் சொன்னாள். பிறகு கிண்ணத்தை முகத்துக்கு மேலே உயர்த்தி, தலையை அண்ணாந்து, தூக்கிக் குடித்தாள்!

எங்கள் வீட்டுப் பழக்கம் அது. பொதுப் பாத்திரம் என்றால் எச்சில் படக் கூடாது. என் மாமியார் அவளுக்கு மூன்று வயசிலிருந்து பழக்கியது. டம்ளருக்கு விளிம்பு உண்டு, சரியாக விழும். அகன்ற வாய்க் கிண்ணத்துக்கு என்ன உண்டு? பாதி வாயில், பாதி கழுத்தில், மீதி அந்த வெள்ளை வெளேரென்ற பாயில்.

என் கை தானாக ஓங்கிவிட்டது. அடிக்கவில்லை. ஆனால் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அதை இப்போது நினைத்தாலும் எனக்கு என்னவோ செய்கிறது.

பாட்டியம்மாள் எழுந்து வரவில்லை, பதறவில்லை. முழங்காலாலேயே நகர்ந்து வந்தார். மடிப்புக் காகிதத்தைப் பாய்மேல் வைத்து ஒற்றினார். ஈரத் துணியால் துடைத்தார். இன்னொரு துணியைப் பெண்ணின் கையில் கொடுத்தார். சற்றுமுன் கரண்டியைத் துடைத்த அதே நிதானம்! அதுவும் சடங்கில் ஒரு பகுதிதானோ என்று நினைக்கும்படி இருந்தது. பிறகுதான், ஏன் அப்படிக் குடித்தாள் என்று கேட்டார். குற்றமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டார்.

நான் தட்டுத் தடுமாறி எச்சில் என்பதை விளக்கினேன். அந்த அம்மாள் யோசித்தார். கெட்டித் தேநீர் ஒன்று உண்டு, அதை ஒரே கிண்ணத்தில் ஒருவர் பின் ஒருவராக எல்லாரும் குடிப்போம், விளிம்பைத் துடைத்துத் துடைத்துக் கை மாற்றுவோம், அதில்தான் எங்களுக்கு நெருக்கம் என்றார். 2020-ல் கொரோனா வந்ததும் அது நின்றுபோய், ஆளுக்கொரு கிண்ணம் ஆகிவிட்டதாம். "உன் வழக்கம் அப்போது எங்களுக்குத் தெரிந்திருந்தால் ஒரே கிண்ணத்தை வைத்துக்கொண்டிருக்கலாம்" என்று மூத்தவளிடம் சொன்னார். "ஆனால் பாய் நிறைய வாங்க வேண்டியிருக்கும்!"

பேத்தி மொழிபெயர்த்து முடிப்பதற்குள் பெண் சிரித்துவிட்டாள். நான் சிரிக்கச் சற்று நேரம் ஆயிற்று.

சின்னவனுக்கு அரைக் கரண்டிப் பொடிதான் போட்டார். ஒரு மிடறு குடித்தான். "வேப்பிலை!" என்று தமிழில் அறிவித்தான். இருந்தாலும் கடைசி உறிஞ்சல் இருக்கிறதே, அதற்காகவே முழுக் கிண்ணத்தையும் காலி செய்து, வீடு அதிர உறிஞ்சினான். முந்தின நாள் கடைவீதியில் வாங்கின சிவப்பு தாருமா பொம்மையை வேறு பையிலிருந்து எடுத்துப் பாட்டியம்மாளுக்குக் காட்டினான். தாருமா என்பவர் போதிதர்மர்தான். தியானத்தில் தூக்கம் வந்ததென்று தம் இமைகளை வெட்டி எறிந்தாராம், அவை விழுந்த இடத்தில் முளைத்தது தேயிலைச் செடி என்று பேத்தி கதை சொன்னாள். அவர் காஞ்சிபுரத்திலிருந்து போனவர் என்று எங்கள் பக்கத்தில் ஐதிகம் உண்டு என்றேன். பாட்டியம்மாள் எனக்கு ஒரு தரம் தனியாக வணங்கினார். காஞ்சிக்கும் எனக்கும் பட்டுப் புடைவை தவிர வேறு சம்பந்தம் கிடையாது. இருந்தாலும் வாங்கிக்கொண்டேன்.

எல்லாம் முடிந்து கிண்ணங்களை அலசும்போது மூத்தவள் என் காதில் கேட்டாள்: "அம்மா, எல்லாருக்கும் போட்டாங்களே, அவங்க ஏன் குடிக்கலை?"

அதைப் பேத்தி கேட்டுவிட்டாள். பாட்டியிடம் சொல்லியும் விட்டாள்.

வீட்டுக்காரர் குடிப்பது வழக்கமில்லை என்றார் அந்த அம்மாள். "என் முறை வேறொருவர் வீட்டில் வரும்." தேநீர் பயிலுகிறவர்கள் போடவும் கற்க வேண்டும், விருந்தாளியாக இருக்கவும் கற்க வேண்டுமாம். இரண்டாவதுதான் கஷ்டம் என்றார். ரிக்யூ காலத்தில் இது ஆண்கள் வித்தை. போர்வீரர்களும் வியாபாரிகளும் சந்நியாசிகளும் பயின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மெய்ஜி காலத்தில், பெண்கள் பள்ளிக்கூடங்களில் பாடமாக வைத்தபிறகுதான் இது வீட்டுப் பெண்களிடம் வந்தது. இன்று பயிலுகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அந்த அம்மாளின் தாயார் இதைக் கற்றது நல்ல இடத்தில் கல்யாணம் ஆக வேண்டும் என்பதற்காகவாம். "நான் கற்றதும் அதற்குத்தான். கல்யாணம் முடிந்து ஐம்பது வருஷம் ஆகிறது. இன்னும் கற்கிறேன்."

மூத்தவள் விடவில்லை. "நான் போட்டால் குடிப்பாங்களா?"

நான் வேண்டாம் என்று வாயைத் திறப்பதற்குள், பாட்டியம்மாள் நகர்ந்து எங்கள் வரிசையில், எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். பெண் கெண்டியின் முன்னால் போய் உட்கார்ந்தாள். பேத்தி பக்கத்திலிருந்து கையைக் காட்டிக்கொடுத்தாள். மூங்கில் கரண்டியால் ஒன்றரைக் கரண்டிப் பொடி. அகப்பையால் வெந்நீர். மத்தைப் பிடித்தவளுக்கு வெண்ணெய் கடைகிற பாவனை. "மணிக்கட்டால் மட்டும்" என்றாள் பேத்தி. நுரை சரியாக எழும்பவில்லை. பொடி இரண்டு இடத்தில் கட்டியாக நின்றது. கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கி வந்து, முகப்பைத் திருப்பி, பாட்டியம்மாள் முன்னால் வைத்தாள்.

அந்த அம்மாள் என் பக்கம் திரும்பி, தரையில் கைவைத்து, "ஒஸாகி நி" என்றார். கிண்ணத்தை உயர்த்தி வணங்கி, இரண்டு தரம் சுற்றி, மூன்றரை மிடறில் குடித்தார். கட்டியையும் சேர்த்துத்தான். பிறகு கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, தம் வீட்டுக் கிண்ணத்தையே புதிதாகப் பார்ப்பவர்போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அடுத்த கிண்ணம் எனக்கு வந்தது. இந்தத் தடவை நுரை நன்றாக எழும்பியிருந்தது. கால்கள் இரண்டும் மரத்துப்போயிருந்தன; ஊசி குத்துவதுபோல் வலித்தது. என் பெண் எதிரே உட்கார்ந்து நான் குடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஒன்றும் சொல்லவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை. முகம் திரும்பியிருக்கவில்லை.

விடைபெறும்போது என் வளையல் கட்டைப் பாட்டியம்மாளே அவிழ்த்துவிட்டார். அந்தத் துணியை மடித்து என் கையிலேயே வைத்தார்.

ஊருக்கு ஒரு மத்தும் ஒரு சின்ன டப்பா பொடியும் வாங்கி வந்தோம். பொடி ஒரு மாசத்தில் தீர்ந்துவிட்டது. மத்து இப்போது சமையலறை ஆணியில் தொங்குகிறது. எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு மூத்தவள் காப்பி போடுகிறாள். "நீ உட்காரு" என்று எனக்கு உத்தரவு. டிகாக்ஷன் சில சமயம் தண்ணீர், சில சமயம் கஷாயம். டபராவை இரண்டு தரம் சுற்றி என் முன்னால் வைக்கிறாள். அவளுடைய அப்பா "ஒஸாகி நி" சொல்லாமல் குடித்தால் சின்னவன் அபராதம் போடுகிறான்.

போன வாரம் அவனே கேட்டான்: "அக்கா எப்போ குடிப்பா?"

அடுத்த ஞாயிறு போடுவது அவன்தான் என்று தீர்மானமாகியிருக்கிறது. பால் காய்ச்சுவது மட்டும் நான்.